நம் கடைப் பையனும் நாட்டுச் சட்டமும்

சாலைக் கடைத்தெருவின் வழியே நடந்திராத தமிழ்க் குடும்பம் திருவனந்தபுரத்தில் ஒன்றேனும் இருக்குமோ என்பது ஐயமே. கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரையில் நீண்டு செல்லும் அத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசரால் வாணிகத்திற்கென அமைக்கப்பெற்றது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வந்த நம் முன்னோர் பலர் அங்கே பலசரக்கு, பாத்திரம், துணி, கருப்பட்டி எனப் பலவகை வாணிகம் செய்து வேரூன்றினர். 1956 நவம்பர் முதல் நாளன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது இடையே ஓர் எல்லைக்கோடு விழுந்தது. ஆயினும் அக்கோட்டைக் கடந்து வேலை தேடி வரும் இளைஞர்களின் வரவு நின்றுவிடவில்லை.

அத்தெருவின் எளிய மனிதர்களை இலக்கியம் முன்பே கண்டுகொண்டது. சாலையிலேயே கடை வைத்திருந்து, அங்குக் கண்டவற்றையே கதைகளாக்கிய ஆ. மாதவனை நம் வாசகர் அறிவர். 2015ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர் 2021இல் மறைந்தார். அவர் கண்ட மனிதர்களைச் சட்டம் எவ்வாறு காண்கிறது, அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் நாம் எவ்வாறு காண்கிறோம் என்பதே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

அண்ணாச்சியின் அன்பு

சில ஆண்டுகளுக்கு முன்பு நம் தெருவில் நிகழ்ந்தது இது. ஊரையும் பேரையும் குறிப்பிட வேண்டுவதில்லை. நம்மவர் ஒருவரின் கடையில் இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் சிப்பந்தியாக இருந்தான். முதலாளிக்குத் தூரத்து உறவு. கடையின் பின்கட்டிலேயே படுக்கை; முதலாளி வீட்டிலிருந்தே சாப்பாடு. "அவன் நம்ம பையன்" என்றுதான் அண்ணாச்சி எவரிடமும் சொல்வார். ஒருநாள் மாலை, வாடிக்கையாளர் கேட்ட சரக்கை எடுக்கப் பரண்மேல் ஏறியவன், தலையில் பெட்டியோடு ஏணியிலிருந்து தவறி விழுந்தான். அந்த ஏணியில் ஒரு படி பல மாதங்களாகவே இல்லை. அதைத் தாண்டிக் கால் வைத்து இறங்கும் பழக்கம் கடையில் எல்லோருக்கும் இருந்தது. அன்று அவன் கால் பழக்கத்தை மறந்துவிட்டது.

இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவச் செலவை அண்ணாச்சி முழுவதும் ஏற்றார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆறு மாதங்கள் கழித்து ஊன்றுகோலுடன் அவன் கடைவாசலுக்கு வந்தான். வாசலில் மூன்று கற்படிகள். கீழே நின்றே பேசினான். "படி ஏற முடியலையே தம்பி, இனி ஊரிலேயே ஏதாவது பார்த்துக்கொள்" என்றார் அண்ணாச்சி. சொல்லும்போது அவர் கண்கள் கலங்கின. "சரி அண்ணாச்சி" என்று சொல்லி அவன் திரும்பினான். நாம் சிலர் கூடி ஒரு தொகை திரட்டி, அவன் கையில் கொடுத்துப் பேருந்தில் ஏற்றிவிட்டோம். நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவோடு வீடு திரும்பினோம்.

பின்னர் எண்ணிப் பார்க்கையில் அந்த நிறைவு நம்மை உறுத்துகிறது. அவன் கணக்கில் சூரன். கல்லாவுக்கு அருகே உட்கார்ந்து பில் போட அவனால் முடியும். அந்த மூன்று படிகளை என்ன செய்யலாம் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. அவனை என்ன செய்வது என்றே எல்லோரும் கேட்டோம். அவனுக்குச் சேரவேண்டியது உதவிப் பணமா, அன்றி உரிமைப் பணமா என்ற வினாவும் எவர் வாயிலும் எழவில்லை. அன்பு அங்கே குறைவின்றி இருந்தது; கடமையைப் பற்றிய நினைவுதான் இல்லாது போயிற்று.

விபத்தும் ஈடும்

வேலையின்போது ஏற்படும் காயத்திற்கு முதலாளி ஈடு செய்யவேண்டும் என்ற சட்டம் நம் நாட்டிற்குப் புதியதன்று. 1923ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் ஈட்டுச் சட்டம் பிறந்தது. அதன் கருத்துகள் பெரும்பாலும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்க்கப்பெற்று, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. கிடங்குகளிலும் சந்தைகளிலும் சரக்கைக் கையாள்வோரும் அதன் பாதுகாப்புக்கு உரியவர்களே.

"அவன் கவனக்குறைவாக ஏறினான், நாம் என்ன செய்ய?" என்பது நாம் அடிக்கடி கேட்கும் சொல். சட்டம் அதை ஏற்பதில்லை. தொழிலாளி குடிமயக்கத்தில் இருந்தாலோ, பாதுகாப்பிற்கெனத் தெளிவாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறினாலோ, பாதுகாப்புக் கருவியைத் தெரிந்தே அகற்றினாலோதான் முதலாளிக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கும், சாவோ நிரந்தர முழு இயலாமையோ நேர்ந்தால் செல்லாது. வெறும் கவனப் பிசகு விலக்குக்குக் காரணமாகாது. மனிதன் ஒருநாள் அசருவான் என்பதை அறிந்தே சட்டம் எழுதப்பட்டிருக்கிறது.

ஈட்டின் அளவையும் நம் வாசகர் அறிந்திருத்தல் நன்று. நிரந்தர முழு இயலாமைக்கு, மாதச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கிக் கணக்கிடுவர். 25 வயதினர்க்கு அவ்வெண் 216.91. மாதம் 15,000 ரூபாய் பெறும் 25 வயது இளைஞனுக்கு இத்தொகை 19 லட்சத்து 52 ஆயிரத்துக்கு மேல் வரும். ஒரு கட்டைவிரலை இழந்தால் 30 விழுக்காடு இழப்பு என்பது அட்டவணை. அதன்படி அவனுக்கு 5 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய்க்கு மேல் சேரவேண்டும். பேருந்தில் ஏற்றிவிடும்போது நாம் கையில் வைத்த தொகையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

தொகை சேரவேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் வட்டியும், தக்க காரணம் இல்லாவிடில் அபராதமும் சேரும். "இன்ன தொகை பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எவ்வித உரிமையும் இல்லை" என்று எழுதி வாங்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. ஈட்டுரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய அத்தகைய தாள் சட்டத்தின்முன் செல்லாது. கோரிக்கை வைக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு என்பதையும் தொழிலாளர் குடும்பங்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் கடையாயின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமாகிய ஈ.எஸ்.ஐ.யும் உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுவோர் அதில் சேர்க்கப்பட வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு அவ்வரம்பு 25,000 ரூபாய். முதலாளி சம்பளத்தில் 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்துவர். அதில் சேர்ந்தவர்க்கு வேலையில் காயம் நேர்ந்தால் காப்பீட்டுக் கழகமே உதவித்தொகை அளிக்கும். முதலாளி தனியே ஈடு கொடுக்க வேண்டியதில்லை. ஆதலின் சிப்பந்தியின் பெயரைப் பதிவு செய்யாது மறைப்பவர் சிறு தொகையை மிச்சப்படுத்தப் போய்ப் பெரும் பாரத்தைத் தம் தலைமேல் ஏற்றிக்கொள்கின்றனர்.

நிற்பதும் சுமப்பதும்

விபத்து ஒரு நொடியில் நேர்வது. ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல உடலை முடக்கும் வேலைகளும் உண்டு. காலை ஒன்பது மணி முதல் இரவு ஒன்பது மணி வரை துணிக்கடையில் நின்றுகொண்டே இருக்கும் பெண்களை நாம் காண்கிறோம். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக்கூடாது என்பது பல கடைகளின் எழுதாத விதியாக இருந்துவந்தது. கால் நரம்புகள் புடைத்தலும், முதுகுவலியும், சிறுநீரை அடக்குவதால் வரும் துன்பங்களும் அவ்விதியின் பயன்கள்.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் இதை எதிர்த்துக் குரல் எழுப்பினர். அவர்களை ஒன்றுதிரட்டிய விஜி என்ற தையற்காரப் பெண்மணி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் வழியே ஆண்டுகள் பல போராடினார். அதன் விளைவாக 1960ஆம் ஆண்டின் கேரளக் கடைகள், வணிக நிலையங்கள் சட்டம் 2018இல் திருத்தப்பெற்று, பணிநேரத்தில் உட்கார்வதற்கு இருக்கை அளிப்பது முதலாளியின் கடமையாயிற்று. 2021இல் தமிழ்நாடும் தன் சட்டத்தை அவ்வாறே திருத்தியது. ஒரு முக்காலியின் விலை என்ன என்பதைச் சாலைக் கடைக்காரர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. அந்த முக்காலிக்காக ஒரு போராட்டமும் ஒரு சட்டமும் வேண்டியிருந்தன என்பதுதான் எண்ணத்தக்கது.

சுமைதூக்குவோர் நிலையும் இத்தகையதே. நம் தந்தையர் காலத்தில் 100 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றி நடந்தவர்களைப் பார்த்து, "என்ன பலம்!" என்று வியந்தோம். அந்த முதுகுகள் ஐம்பது வயதில் என்னவாயின என்று பார்க்கவில்லை. 1967இல் உலகத் தொழிலாளர் நிறுவனம் ஓர் ஆள் சுமக்கும் எடையைப் பற்றி உடன்படிக்கை செய்தபோது, வளர்ந்த ஆண்மகன் ஒருவன் கையால் தூக்கிச் சுமக்கும் மூட்டைக்கு 55 கிலோ என்ற அளவைப் பரிந்துரைத்தது. கேரளம் சுமைத் தொழிலாளர்க்கென்றே தனிச் சட்டம் இயற்றி, பின்னர் அவர்களுக்கு நல வாரியமும் ஏற்படுத்தியது. சுமைக் கூலியைப் பற்றி நாம் பேசும் அளவிற்குச் சுமையின் எடையைப் பற்றிப் பேசுவதில்லை.

படிகளின் முன்னே

இனி, அந்த மூன்று கற்படிகளுக்கு வருவோம்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய நாட்டில் உடற்குறை அல்லது மனக்குறை உடையோர் 2 கோடியே 68 லட்சம் பேர். ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2007இல் ஏற்ற இந்தியா, 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை இயற்றியது. அது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைகளையே கண்டது. புதியது 21 வகைகளைக் காண்கிறது. அரசு நிலையங்களை மட்டுமன்றி, கம்பெனிகள், கூட்டு வாணிக நிலையங்கள், சங்கங்கள், அறக்கட்டளைகள், தொழிற்சாலைகள் ஆகியவற்றையும் அது 'நிலையம்' என்றே கொள்கிறது.

அச்சட்டத்தின் உயிர்நிலை 'நியாயமான வசதி' என்னும் கருத்து. ஒருவர் பிறரைப் போலத் தம் வேலையைச் செய்வதற்கு வேண்டிய தகுந்த மாற்றத்தைச் செய்து தருதல் என்பது அதன் பொருள். அம்மாற்றம் முதலாளியின் சக்திக்கு மிஞ்சிய பாரமாக இருத்தல் கூடாது என்ற வரம்பையும் சட்டமே வைத்திருக்கிறது. எனவே சிறிய கடைக்காரரிடம் மின்தூக்கி வைக்கச் சொல்லி எவரும் கேட்கப்போவதில்லை. மேசையின் உயரத்தைக் குறைத்தல், மேல்தளத்து வேலையைக் கீழ்த்தளத்திற்கு மாற்றுதல், காது கேளாதவர்க்குக் கட்டளையைச் சீட்டில் எழுதித் தருதல், கண்பார்வை குன்றியவர்க்கு விளக்கை அருகே வைத்தல் ஆகியன எல்லாம் நியாயமான வசதிகளே. இதைப் பெறுவதற்கு 40 விழுக்காடு ஊனம் என்ற சான்று இன்றியமையாதது அன்று என உச்ச நீதிமன்றம் 2021இல் விகாஷ் குமார் வழக்கில் தெளிவுபடுத்தியது.

ஒவ்வொரு நிலையமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து வெளியிட வேண்டும் என்பதும் விதி. இருபது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் தனியார் நிலையம், மாற்றுத்திறனாளர்க்கு ஏற்ற பணிகள் எவை, தேர்வு எவ்வாறு நடைபெறும், தொடர்பு அலுவலர் யார் என்பனவற்றையும் அதில் சொல்ல வேண்டும். சட்டத்தை முதன்முறை மீறுவோர்க்கு 10,000 ரூபாய் வரையிலும், மீண்டும் மீறுவோர்க்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு.

பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரின் நிலை என்ன? கால் இழந்தமையால் பணியிலிருந்து நீக்கப்பெற்ற குணால் சிங் என்ற காவலரின் வழக்கில், அவரை அவ்வாறு நீக்கியது தவறு என்று உச்ச நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. இன்றைய சட்டமும், அரசு நிலையம் எதுவும் பணியிடையே ஊனமுற்றவரை நீக்கவோ பதவி தாழ்த்தவோ கூடாது என்கிறது. பழைய வேலைக்கு அவர் ஏற்றவராக இல்லாவிடில், அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும். இந்த விதி தனியார் கடையைக் கட்டுப்படுத்தாது. ஆயினும், 'வேறு வேலை உண்டா?' என்று முதலில் கேட்டுப் பார்க்கும் நெறியைக் கடைக்காரரும் கைக்கொள்ளலாம் அன்றோ? அந்த ஒரு வினா அன்று எழுந்திருந்தால் அந்த இளைஞன் ஊன்றுகோலோடு பேருந்து ஏறியிருக்க மாட்டான்.

கட்டடங்களைப் பற்றியும் சட்டம் வாளாவிருக்கவில்லை. ராஜீவ் ரத்தூரி என்ற பார்வையற்றவர் தொடுத்த வழக்கில், அணுகு வசதி பற்றிய விதி வெறும் பரிந்துரையாக நிற்றல் கூடாது, கட்டாயமான அளவுகளை வகுத்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று ஆணையிட்டது.

"இடம் எங்கே, பணம் எங்கே?"

வணிகப் பெருமக்கள் சொல்லும் மறுப்புகளையும் நாம் செவிமடுத்தோம். அவற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. சாலைக் கடைகள் பல பழங் கட்டடங்கள்; பலவும் வாடகைக்கு இருப்பவை. படியைத் தாண்டினால் ஓடை; ஓடையைத் தாண்டினால் நெரிசல் மிகுந்த தெரு. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்திற்கு ஓர் அங்குல உயரத்திற்கு ஓர் அடி நீளம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஆறு அங்குலப் படிகள் மூன்றிற்குப் பதினெட்டு அடி வேண்டும். அவ்வளவு இடம் சாலையில் எவர்க்கும் இல்லை.

உண்மை. ஆனால் பதினெட்டு அடி இல்லை என்பதற்காக ஒன்றுமே செய்யாதிருத்தல் முறையாகாது. படியின் இருமருங்கிலும் கைப்பிடிக் கம்பி பொருத்த இடம் வேண்டுவதில்லை. உயரமான ஒரு படியை இரண்டாகப் பிரித்தால் ஊன்றுகோல் உடையவர் ஏறுவர். படியின் விளிம்பில் மஞ்சள் வண்ணம் தீட்டினால் பார்வை மங்கிய முதியவர் தப்புவர். ஒற்றைப் படி மட்டுமே உள்ள கடையில், வேண்டும்போது விரித்து வேண்டாதபோது மடித்துவைக்கும் பலகைச் சாய்தளம் போதும். நடைவழியில் மூட்டையை அடுக்காதிருக்கச் செலவே இல்லை. ஏணியில் போன படியைச் செப்பனிட ஒரு தச்சரின் அரைநாள் கூலி போதும்.

அணுகு வசதியும் வேலைப் பாதுகாப்பும் இருவேறு காரியங்கள் என்று எண்ணுகிறோம். சிறிது நோக்கினால் இரண்டும் ஒன்றே. ஊன்றுகோலுடன் வருபவர்க்கென வைத்த கைப்பிடி, மழைநாளில் மூட்டையோடு இறங்குபவரையும் தாங்கும். அகலமாகத் திறந்து வைத்த நடைவழி, தீப்பற்றினால் எல்லோர்க்கும் உயிர் வழியாகும். உடல் நலிவு பிறர்க்கு மட்டும் உரியதன்று. முதுமை என்ற பெயரில் அது நம் எல்லோர் வீட்டிற்கும் வரவிருக்கும் விருந்தாளி. இன்று கல்லாவில் அமர்ந்திருக்கும் அண்ணாச்சியே நாளை அந்தப் படிகளின் கீழே நின்று மேலே நோக்க நேரலாம்.

நாம் செய்யவேண்டுவன

முதலாளிகளாக இருக்கும் நம்மவர்க்குச் சொல்வது இது: சிப்பந்தியின் பெயரையும் சம்பளத்தையும் ஏட்டில் எழுதுங்கள்; ஈ.எஸ்.ஐ. பொருந்துமாயின் பதிவு செய்யுங்கள், மாதம் ஒருமுறை ஏணி, மின்கம்பி, எடை இயந்திரம், படி ஆகியவற்றை நீங்களே பாருங்கள், காயமுற்றுத் திரும்பி வருபவரிடம், "என்ன மாற்றினால் உன்னால் இங்கே வேலை செய்ய முடியும்?" என்று கேளுங்கள்.

வேலை செய்யும் குடும்பங்களுக்குச் சொல்வது இது: சம்பளச் சீட்டையும் மருத்துவத் தாள்களையும் பத்திரப்படுத்துங்கள், எழுத்தறியாத தாளில் கையொப்பம் இடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளும் பெண்களும் வருமானம் குறைந்தோரும் இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வழிசெய்துள்ளது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தை அணுகினால் வழக்கறிஞர் கிடைப்பார். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரும் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறார். உரிமையைக் கேட்பது நன்றி மறத்தல் ஆகாது. உண்ட வீட்டிற்கு இரண்டகம் என்று அதை எவரேனும் சொன்னால், சோறும் சட்டமும் வேறு வேறு என்று பணிவோடு சொல்லுங்கள்.

உறவும் அன்பும் நம் குடியின் பெருஞ்செல்வங்கள். அவற்றைச் சட்டம் அகற்ற வரவில்லை. அன்பு மனநிலையைப் பொறுத்தது. கல்லாவில் பணம் இருக்கும் நாளில் பெருகும், இல்லாத நாளில் சுருங்கும். அது சுருங்கும் நாளிலும் ஒருவன் தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காகவே சட்டம் இருக்கிறது. 'நம்ம பையன்' என்று சொல்லும் வாய், அவனுக்கு உரியதை எழுதித் தரும் கையையும் உடன் கொண்டிருக்க வேண்டும்.

ஊருக்கு உபதேசம் செய்யும் நாம் நம் முற்றத்தையும் பார்க்க வேண்டும். சங்கமும் சட்டத்தின் கண்ணில் ஒரு நிலையமே என்று மேலே சொன்னோம். நம் கூட்டம் நடைபெறும் மண்டபத்தின் முன்னே நான்கு படிகள் உள்ளன, கைப்பிடி இல்லை. விழாவிற்கு வரும் பாட்டிமார்களை இருபுறமும் பிடித்து ஏற்றுவதை இதுநாள் வரை மரியாதை என்று எண்ணியிருந்தோம். அவர்கள் தாமே ஏறிவர வழிசெய்வதுதான் மரியாதை. அடுத்த செயற்குழுவில் முதற்பொருளாக அந்தக் கைப்பிடியை வைக்க இருக்கிறோம். ஊருக்குச் சென்ற அந்த இளைஞனுக்கும் கடிதம் எழுதியிருக்கிறோம். கணக்கெழுத ஆள் வேண்டும் என்று இரண்டு கடைக்காரர்கள் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் வருவானாயின், எந்தக் கடையின் படிகள் அவனுக்கு ஏற்றவை என்பதை அவனிடமே கேட்டு முடிவு செய்வோம்.